ஷேக்ஸ்பியர் காலத்து மேடைப் பொருள்கள்

பாறை ஒன்று, கூண்டு ஒன்று, கல்லறை ஒன்று, நரகத்தின் வாய் ஒன்று, கட்டில் ஒன்று, கோபுரங்கள் இரண்டு, பொற்கனி மரம் ஒன்று, சிங்கத்தோல் ஒன்று, கரடித்தோல் ஒன்று, கறுப்பு நாய் ஒன்று, பேரரசர் முடிகள் மூன்று, ஆவி அணியும் முடி ஒன்று, ரோமாபுரி நகரம் ஒன்று.

இத்தகைய பட்டியலை எவரேனும் நம் கையில் கொடுத்தால், அதை எழுதியவர் நல்ல நினைவோடுதான் எழுதினாரா என்று நாம் ஐயுறுவோம். ஆயினும் இது கனவு கண்டவர் எழுதியதன்று. காசு கணக்கில் மிகக் கறாரான ஒரு வணிகரின் ஏடுகளில் இருந்தது. அவர் பெயர் பிலிப் ஹென்ஸ்லோ. இலண்டன் மாநகரில், தேம்ஸ் ஆற்றின் தென்கரையில், 1587-ஆம் ஆண்டில் 'ரோஸ்' என்னும் நாடகக் கொட்டகையை எழுப்பியவர் அவர். அங்கே 'அட்மிரல் குழுவினர்' என்ற நடிகர் கூட்டம் நாடகம் நடத்தி வந்தது. அக்குழுவின் உடைமைகள் 1598-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 10-ஆம் நாள் கணக்கெடுக்கப்பட்டன. அந்தக் கணக்கிலிருந்துதான் மேற்கண்ட பொருள்களை எடுத்துச் சொன்னேன். ரோமாபுரி நகரம் அதில் தனி வரிகூடப் பெறவில்லை. இரண்டு வாதுமைப் பணியாரங்களோடு ஒரே வரியில் அடக்கப்பட்டுள்ளது!

ஹென்ஸ்லோவின் வரவு செலவுப் புத்தகம், அவர் குடும்பத்தில் மணம் செய்துகொண்ட புகழ்மிக்க நடிகர் எட்வர்டு ஆலன் 1619-ல் நிறுவிய டல்லிச் கல்லூரியில் இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகிறது. பொருள்களின் பட்டியலுக்கோ அந்த நற்பேறு வாய்க்கவில்லை. எட்மண்ட் மலோன் என்ற அறிஞர் அதனை 1790-ல் அச்சிட்டு வெளியிட்டார். அதன் பின்னர் மூல ஏடு காணாமற் போயிற்று. மலோன் அன்று அச்சிடாமல் விட்டிருந்தால், அக்காலத்து மேடையைப் பற்றி நாம் அறிந்தவற்றுள் ஒரு பெரும் பகுதியை இழந்திருப்போம்.

'எலிசபெத்து அரசி காலத்து மேடை வெறும் பலகை மேடை; அதில் ஒன்றுமே இல்லை' என்று மாணவனாக இருந்தபோது நான் படித்தேன். 'வசதியற்ற காலத்தில் பிறந்துவிட்டாரே' என்று ஷேக்ஸ்பியருக்காக இரங்கியதும் உண்டு. இந்தப் பட்டியலைப் பார்த்த பிறகு அந்த இரக்கம் என்னை விட்டு நீங்கியது. நரகத்தின் வாயைச் செய்து வைத்திருந்தவர்களால் ஒரு காட்டைத் திரையில் எழுதிக்கொள்ள இயலாதா? பொருள் இருந்தும் சிலவற்றை மேடையில் வைத்தார்கள். சிலவற்றை வைக்காமல் விட்டார்கள். எதை வைத்தார்கள், எதை விட்டார்கள், ஏன் விட்டார்கள் என்ற மூன்று வினாக்களுக்கும் விடை காண முயல்வோம்.

முதலில் மேடையைப் பார்ப்போம். 1576-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பர்பேஜ் என்பவர் இலண்டனின் வடபுறத்தே ஷோர்டிச் பகுதியில் 'தியேட்டர்' என்னும் பெயராலேயே ஒரு நாடகசாலை கட்டினார். அதனைப் பிரித்த மரங்களைக் கொண்டே பின்னர் 1599-ல் 'குளோப்' என்ற புகழ்பெற்ற அரங்கம் தென்கரையில் எழுந்தது. அடுத்த ஆண்டில் ஹென்ஸ்லோவும் ஆலனும் 'பார்ச்சூன்' அரங்கைக் கட்டச் செய்துகொண்ட ஒப்பந்தம் நமக்குக் கிடைத்துள்ளது. வெளிப்புறம் பக்கத்துக்கு 80 அடி. உள்முற்றம் பக்கத்துக்கு 55 அடி. மேடையின் அகலம் 43 அடி. மேடை முற்றத்தின் நடுப்பகுதி வரையில் நீண்டிருக்க வேண்டும். கட்டட வேலைக்கு 440 பவுன் என்று அதில் எழுதப்பட்டுள்ளது.

முற்றத்தின் நடுப்பகுதி வரையில் மேடை நீண்டிருந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு பென்னி கொடுத்தவர்கள் முற்றத்தில் மேடையின் மூன்று புறமும் சூழ்ந்து நின்றார்கள். மேலும் காசு கொடுத்தவர்கள் சுற்றிலும் இருந்த மாடங்களில் அமர்ந்தார்கள். முற்றத்துக்கு மேலே கூரை இல்லை. நாடகம் பிற்பகலில், பகலவன் ஒளியிலேயே நடந்தது. 1596-ஆம் ஆண்டளவில் இலண்டனுக்கு வந்த டச்சுக்காரரான யோகானஸ் டி விட் என்பவர் 'ஸ்வான்' அரங்கத்தின் உட்புறத்தைப் படமாக வரைந்தார். அவருடைய நண்பர் எடுத்த படி ஒன்று 1888-ல் உட்ரெக்ட் நகரத்து நூல்நிலையத்தில் கண்டெடுக்கப்பட்டது. அப்படத்தில் இரண்டு பெருந்தூண்கள் இருக்கின்றன. பின்சுவரில் இரண்டு கதவுகள் இருக்கின்றன. அவற்றுக்கு மேலே ஒரு மாடம் இருக்கிறது. மேடையின் மீதோ ஒரே ஒரு பலகை ஆசனம்! வேறு ஒன்றும் இல்லை.

காட்சித் திரைகளை அவர்கள் வைக்காததற்குரிய காரணங்கள் இப்போது ஒருவாறு விளங்கும். மூன்று புறமும் மக்கள் நிற்கும் மேடையில் காட்டையோ அரண்மனையையோ எழுதித் தட்டி கட்டினால், ஒரு புறத்தார் காண்பது மற்றொரு புறத்தாருக்கு மறையும். இஃது ஒரு காரணம். நாள்தோறும் நாடகம் மாறியது மற்றொரு காரணம். 1594-ஆம் ஆண்டின் நடுவில் தொடங்கிய ஓர் ஆண்டுக் காலத்தில் மட்டும் அட்மிரல் குழுவினர் 38 நாடகங்களை நடித்தனர். அவற்றுள் 21 புதியவை. இன்று டமாஸ்கஸ், நாளை மால்ட்டா, மறுநாள் ரோமாபுரி என்று ஊர் மாறும்போது, நாளுக்கொரு நகரத்தை எழுதிக்கொண்டிருக்க முடியுமா? மூன்றாவது காரணம் நாடகத்தின் அமைப்பு. 'ஆண்டனியும் கிளியோபாத்ராவும்' என்ற நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நாற்பதுக்கும் மேற்பட்ட காட்சிகள் உள்ளன. எகிப்திலிருந்து உரோமுக்கும், உரோமிலிருந்து எகிப்துக்கும் கதை பறந்து செல்கிறது. ஒரு கதவு வழியே எகிப்தியர் வெளியேறியதும் மறு கதவு வழியே உரோமர் நுழைந்துவிடுவர். இடையில் திரையிட்டு மரங்களை நகர்த்திக்கொண்டிருந்தால் அந்த வேகம் எங்கே நிற்கும்?

மேடையில் வைக்கப்பட்டவை எவை? ஒருவர் கையில் எடுத்து வரக்கூடியவை, இருவர் தள்ளி வரக்கூடியவை, மேலிருந்து இறக்கக்கூடியவை, கீழிருந்து எழக்கூடியவை ஆகியவையே பெரும்பாலும் வைக்கப்பட்டன. அரியணை வந்தால் அரசவை. கட்டில் வந்தால் படுக்கையறை. எரியும் தீவட்டி வந்தால் இரவு. மேடையின் மேற்கூரைக்கு 'வானுலகம்' என்று பெயர். மேடைப் பலகையில் ஒரு கதவு இருந்தது. அதன் வழியே ஆவிகளும் பேய்களும் எழுந்தன. மார்லோ எழுதிய 'மால்ட்டா யூதன்' நாடகத்தில் அந்த யூதன் விழுந்து மடியும் கொப்பரை ஹென்ஸ்லோ பட்டியலில் இருக்கிறது. 'டாக்டர் பாஸ்டஸ்' நாடகத்துக்குரிய பறவைநாகமும், தைமூர் மன்னன் சிறைப்பட்ட அரசர்களைத் தேரில் பூட்ட உதவிய கடிவாளமும் உள்ளன. 'அல்கசார் போர்' என்ற நாடகத்துக்கு எழுதப்பட்ட மேடைக் குறிப்பொன்றில் மூன்று குப்பி இரத்தமும் ஓர் ஆட்டின் ஈரல் முதலிய உள்ளுறுப்புக்களும் தேவை என்று கண்டிருக்கிறது. இவர்களையா ஒன்றும் இல்லாதவர்கள் என்று சொல்வது?

ஆடையின் செய்தி இன்னும் வியப்பானது. தாமஸ் ஹேவுட் என்ற புலவர் 1603-ல் ஒரு குடும்ப நாடகம் எழுதினார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் 6 பவுன். அதே நாடகத்தில் பெண் வேடத்துக்காக வாங்கிய கறுப்பு வெல்வெட்டு அங்கியின் விலை 6 பவுன் 13 ஷில்லிங். எழுதிய புலவரைக் காட்டிலும் தைத்த துணி விலை மிகுந்ததாக இருந்தது! 1599-ல் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தைப் பார்த்த தாமஸ் பிளாட்டர் என்ற சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர், இறந்த பிரபுக்கள் தம் ஊழியர்க்கு விட்டுச் சென்ற உயர்ந்த ஆடைகளை நடிகர்கள் வாங்கி அணிகின்றனர் என்று எழுதிவைத்தார். மேடை எளியதாக இருந்தது. மேடையில் நின்றவன் உண்மைப் பிரபுவின் ஆடையில் நின்றான்.

ஹென்ஸ்லோவின் மற்றொரு குறிப்பில் ஓர் அங்கி வருகிறது. 'கண்ணுக்குத் தெரியாமல் செல்வதற்குரிய அங்கி' என்பது அதன் பெயர். அதனை அணிந்த நடிகன் எல்லார் கண்ணுக்கும் நன்றாகத் தெரிவான். ஆனால் அவன் தெரியவில்லை என்று மக்கள் ஒப்புக்கொள்வார்கள். அந்தக் காலத்து மேடையின் இரகசியம் முழுவதும் அந்த ஓர் அங்கியில் அடங்கியிருக்கிறது என்பேன். நடிகன் ஒரு குறியைக் காட்டுகிறான். மீதியை மக்கள் மனத்தால் நிரப்புகிறார்கள். இருவருக்கும் இடையே எழுதப்படாத ஓர் உடன்படிக்கை நிலவியது.

இந்த உடன்படிக்கையை எல்லாரும் ஏற்றுக்கொண்டனர் என்று எண்ணிவிடலாகாது. பெரும்புலவரான சர் பிலிப் சிட்னி 1580-ஆம் ஆண்டை ஒட்டி எழுதிய நூலொன்றில் அக்கால நாடகங்களை ஏளனம் செய்தார். மேடையின் ஒரு பக்கம் ஆசியா, மறுபக்கம் ஆப்பிரிக்கா. மூன்று பெண்கள் வந்து பூக்கொய்தால் அஃது ஒரு தோட்டம். உடனே அதே இடத்தில் கப்பல் உடைந்த செய்தி வந்தால் அது கடற்பாறை. நான்கு வாளும் நான்கு கேடயமும் வந்தால் அவை இரண்டு சேனைகள். இதை எப்படி நம்புவது என்பது அவர் கேள்வி. பென் ஜான்சனும் பின்னாளில் கிறீச்சிட்டு இறங்கும் அரியணையையும், இடியோசைக்காக உருட்டப்படும் குண்டையும் எள்ளி நகையாடினார். அவர் நகைத்ததனால்தான் அவை இருந்தன என்பது நமக்குத் தெரிகிறது!

சிட்னி 1586-ல் போர்ப் புண்ணால் இறந்தார். ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் மேடை ஏறிய காலத்தை அவர் காணவில்லை. கண்டிருந்தால், 1599-ல் எழுந்த 'ஐந்தாம் ஹென்றி' நாடகத்தின் முன்னுரையைக் கேட்டுச் சற்றே சிந்தித்திருப்பார். அதில் ஒருவன் மேடைக்கு வந்து, 'இந்தச் சிறிய வட்டத்துக்குள் பிரான்சு நாட்டுப் போர்க்களத்தை எப்படி அடைப்போம்?' என்னும் கருத்துப்பட மன்னிப்புக் கேட்கிறான். குறையை உங்கள் எண்ணத்தால் நிறைவு செய்யுங்கள் என்று வேண்டுகிறான். சிட்னி குற்றமாகச் சொன்னதையே ஷேக்ஸ்பியர் மக்களிடம் ஓர் அழைப்பாக வைத்துவிட்டார்.

அந்த அழைப்பை விடுப்பவனுக்கு ஒரு பெரும் பொறுப்பு உண்டு. மக்கள் எண்ணிப் பார்ப்பதற்கு வேண்டியதை அவன் சொல்லால் தந்தாக வேண்டும். 'ஹாம்லெட்' நாடகத்தின் முதற் காட்சியை நோக்குங்கள். வெளியே பிற்பகல் வெயில். மேடையில் இரண்டு காவலர் ஒருவரை ஒருவர் 'யார் அங்கே?' என்று வினவிக்கொள்கின்றனர். அருகில் நிற்பவனைக் கண்டு ஏன் அப்படிக் கேட்க வேண்டும்? இருள் என்பதனால்தான். பின் குளிரைச் சொல்கின்றனர்; நள்ளிரவு மணி அடித்ததைச் சொல்கின்றனர். சற்று நேரத்தில் கீழ்த்திசை மலையில் விடியல் வருவதையும் சொல்கின்றனர். விளக்கு ஏற்றவுமில்லை, அணைக்கவுமில்லை. இரவு வந்து, இரவு போயிற்று.

மாணவப் பருவத்தில் இத்தகைய வரிகளை வெறும் அலங்காரம் என்று எண்ணி நான் வேகமாகத் தாண்டிப் போனதுண்டு. அவை அலங்காரமல்ல, அவைதாம் திரைச்சீலை, அவைதாம் விளக்கு, அவைதாம் வானம். அவற்றைத் தாண்டிப் போகின்றவன் மேடையின் பின்சுவரையே இடித்துவிட்டுப் போகின்றான்.

சொல்லால் கட்டிய காட்சியின் உச்சியை 'லியர் மன்னன்' நாடகத்தில் காணலாம். கண்கள் பறிக்கப்பட்ட குளோஸ்டர் பிரபு, டோவர் நகரத்துச் செங்குத்தான பாறையிலிருந்து விழுந்து உயிர்விட எண்ணுகிறார். அவர் மகன் எட்கர் மாறுவேடத்தில் அவரை அழைத்து வருகிறான். பாறையின் விளிம்புக்கு வந்துவிட்டதாகச் சொல்லி, கீழே பறவையும் மனிதரும் படகும் எவ்வளவு சிறுத்துத் தோன்றுகின்றன என்று விரித்துரைக்கிறான். கேட்கின்ற நமக்கே தலை சுற்றுகிறது. ஆனால் அங்கே பாறை இல்லை. மேடையில் மட்டுமன்று, கதையிலும் இல்லை! தந்தையின் உயிரைக் காக்க மகன் சொன்ன பொய் அது. குளோஸ்டர் தாவுகிறார், சமதரையில் விழுகிறார், பிழைக்கிறார்.

இந்தக் காட்சியை ஓவியத் திரையோடு நடிப்பதாக வைத்துக்கொள்வோம். திரையில் பாறை எழுதியிருந்தால் கதை பொய்யாகிவிடும். சமவெளி எழுதியிருந்தால் மகன் வாய் திறந்தவுடனே பொய் வெளிப்பட்டுவிடும். ஒன்றும் இல்லாத மேடையில்தான் கண்ணுள்ள மக்களும் கண்ணிழந்த தந்தையும் சிறிது நேரம் ஒரே நிலையில் நிற்க முடியும். 'ரோமாபுரி நகரம் ஒன்று' என்று பட்டியலில் எழுதிவைத்த காலத்தில், டோவர் பாறையை எவரும் எழுதிவைக்காமல் விட்டது வறுமையன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மேடை வெறுமையாக இருந்ததனால் அதில் வந்த சிறு பொருளும் பெரும் பொருளாயிற்று. 'ஒதெல்லோ' நாடகத்தில் ஒரு கைக்குட்டை ஒரு குடும்பத்தையே அழிக்கிறது. 'மாக்பெத்' நாடகத்தில் போர்வீரர் கையில் ஏந்திய மரக்கிளைகள் ஒரு வனமாக நடந்து வருகின்றன. 1610-ல் ஆக்ஸ்போர்டு நகரில் 'ஒதெல்லோ' நடந்தபோது அதனைக் கண்ட ஹென்றி ஜாக்சன் என்ற கல்லூரி அறிஞர், கொலையுண்டு கட்டிலில் கிடந்த தெஸ்டிமோனா தன் முகத்தினாலேயே மக்கள் இரக்கத்தைக் கவர்ந்தாள் என்று கடிதம் எழுதினார். அந்த வேடம் புனைந்தவன் ஓர் இளைஞன். மேடையில் இருந்தது ஒரு கட்டில். அதற்குமேல் என்ன வேண்டியிருந்தது?

மெய்யான பகட்டை நாடியபோது நேர்ந்ததையும் சொல்லிவிட வேண்டும். 1613-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள் குளோப் அரங்கில் எட்டாம் ஹென்றி மன்னனைப் பற்றிய நாடகம் வழக்கத்துக்கு மாறான ஆடம்பரத்தோடு நடந்தது. மேடையில் பாய் விரித்திருந்தனர்; அரசவைச் சின்னங்கள் அனைத்தும் அப்படியே காட்டப்பட்டன. மன்னன் வருகையை அறிவிக்க மெய்யாகவே வெடி தீர்த்தார்கள். அதிலிருந்து பறந்த பொறி கூரை வைக்கோலில் பற்றியது. மக்கள் கண் மேடையிலேயே இருந்தமையால் முதலில் எவரும் கவனிக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் அரங்கம் முழுவதும் சாம்பலாயிற்று. உயிர்ச்சேதம் இல்லை. ஒருவருடைய கால்சட்டையில் தீப்பற்றியது. புட்டியில் இருந்த மதுவை ஊற்றி அணைத்துவிட்டார்கள் என்று சர் ஹென்றி வாட்டன் எழுதியுள்ளார். சொல்லால் எத்தனையோ போர்களை நடத்திய அரங்கம், மெய்யான ஒரு வெடியினால் அழிந்தது! அடுத்த ஆண்டே அதனை ஓட்டுக் கூரையோடு திரும்பக் கட்டினார்கள்.

பொதுமக்கள் அரங்கம் இவ்வாறிருக்க, அரசவையில் வேறொரு கலை வளர்ந்து வந்தது. 1605-ல் இனிகோ ஜோன்ஸ் என்ற கலைஞர் அரண்மனை விழாவுக்காகத் தொலைவு தோன்றும்படி எழுதிய காட்சிகளை அமைத்தார். 1642-ல் பாராளுமன்றம் நாடகங்களைத் தடை செய்தது. 1660-ல் முடியாட்சி மீண்டபோது நாடகங்களும் மீண்டன. ஆனால் அரண்மனையில் வளர்ந்த எழுதிய திரைகள் பொதுமேடைக்கும் வந்துவிட்டன. நாளடைவில் காட்சி ஜோடனை பெருகியது. திரை மாற்ற நேரம் வேண்டும்; நேரத்தை எங்கே எடுப்பது? கவிஞருடைய வரிகளை வெட்டினார்கள். பீர்போம் ட்ரீ என்ற நடிகர் 'நடுவேனிற் கனவு' நாடகத்தின் காட்டில் உயிருள்ள முயல்களையே ஓடவிட்டார். முயல் வந்தது, கண்ணுக்குத் தெரியாத காட்டைக் காட்டிய சொல்லுக்கு வேலை குறைந்தது.

நல்லவேளையாக, பழைய முறையை மறவாதவர்களும் இருந்தனர். வில்லியம் போயல் என்பவர் 1881-லேயே 'ஹாம்லெட்' நாடகத்தைத் திரைகள் இன்றி நடத்திக் காட்டினார். 1989-ல் ரோஸ் அரங்கின் அடித்தளம் மண்ணுக்கடியிலிருந்து வெளிப்பட்டது. குளோப் அரங்கம் பழைய இடத்துக்கு அருகிலேயே பழைய வடிவில் மீண்டும் எழுப்பப்பட்டு 1997-ல் திறக்கப்பெற்றது. அங்கே இன்றும் முற்றத்தில் நின்று, பகல் வெளிச்சத்தில் நள்ளிரவைக் காணலாம்.

மாணவர்களாகிய உங்களுக்கு இலண்டன் சென்று அதனைக் காணும் வாய்ப்பு எப்போது வாய்க்குமோ, சொல்ல இயலாது. ஆனால் ஹென்ஸ்லோ பட்டியலில் இல்லாத பொருள்கள் எல்லாம் உங்கள் பாடநூலிலேயே இருக்கின்றன. அடுத்த முறை ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றைக் கையில் எடுக்கும்போது, இடத்தையும் பொழுதையும் கூறும் வரிகள் வந்தால் விரைந்து செல்ல வேண்டா. சற்றே நின்று, வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். அந்த வரி வரும்வரையில் மேடையில் இருந்தது ஒரு பலகை ஆசனமே. வரி முடியும்போது என்ன இருக்கிறது என்று நீங்களே கணக்கெடுத்துக்கொள்ளுங்கள்.